கீ அழுத்தியும் சத்தம் வரலையா? மிடி, பிளகின் கோளாறுகளைத் தேடிப் பிடிக்கும் முறை

வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்து ஹோம் ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் ஒரே சாமான்கள்தான் இருக்கும். ஒரு லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), 25 கீ மிடி கீபோர்டு, கச்சேரிக்கும் போய்வரும் ஒரு ஆக்டோபேட் (குச்சியால் தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம் பேட்). பாடகர் மைக் முன்னால் வந்து நின்ற பிறகுதான் கீபோர்டு ஊமையாகும். அந்தப் பதற்றத்தில் மூன்று நான்கு செட்டிங்கை ஒன்றாக மாற்றிவிடுவார்கள், பிளகினை (வாத்திய ஒலியோ எஃபெக்டோ தரும், சாஃப்ட்வேருக்குள் ஓடும் சிறு புரோகிராம்) அழித்துத் திரும்பப் போடுவார்கள், கடைசியில் யாராவது "ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபார்மேட் அடித்தால் லைசென்ஸ் ஆக்டிவேஷன், சேர்த்துவைத்த பிரீசெட், டோலக் சாம்பிள்களின் அமைப்பு எல்லாம் போகும். கோளாறு கேபிளில் இருந்திருந்தால், ஃபார்மேட்டுக்குப் பிறகும் அது அங்கேயே இருக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சிக்னல் எந்த வழியாகப் போகிறது என்பது. நீங்கள் அழுத்திய கீ கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்குள் போகிறது. விண்டோஸ் அதை எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன், கியூபேஸ், ரீப்பர் மாதிரி இசை பதியும் சாஃப்ட்வேரிடம் கொடுக்கிறது. சாஃப்ட்வேர் அதை ஒரு டிராக்குக்கும், டிராக் அதை பிளகினுக்கும் அனுப்புகிறது. இதுவரை போனது வெறும் எண்கள்தான்: எந்த நோட், எவ்வளவு அழுத்தம் என்று. இதற்குத்தான் மிடி என்று பெயர். பிளகினுக்குள் போன பிறகுதான் அது ஒலியாகிறது. அந்த ஒலி மிக்சர், ஆடியோ டிரைவர், இன்டர்ஃபேஸ் வழியாக ஸ்பீக்கருக்கு வருகிறது. இந்தப் பாதையில் சிக்னல் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும், சரிசெய்யும் வேலை பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான்.

இரண்டு சோதனை

கீயை அழுத்திக்கொண்டே சாஃப்ட்வேரில் மிடி விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் மேல் பட்டையில் ஒரு சிறு விளக்கு உண்டு. ஏபிள்டன் லைவில் வலது மேல் மூலையில் சின்னச் சதுரங்கள். கியூபேஸில் டிரான்ஸ்போர்ட் பட்டையில் மிடி அளவுகோல். ரீப்பரில் டிராக்கை ரெக்கார்டுக்கு ஆர்ம் செய்தால் (தயார்நிலையில் வைத்தால்) அதன் மீட்டரிலேயே தெரியும்.

அடுத்த சோதனை: கீபோர்டைத் தொடாமல், பிளகின் திரையில் இருக்கும் பியானோவை மவுஸால் கிளிக் செய்யுங்கள்.

விளக்கு மினுக்கி, மவுஸுக்கும் சத்தம் வந்தால், கோளாறு டிராக்குக்கும் பிளகினுக்கும் இடையில்தான்: சேனல், ஆர்ம், மானிட்டர் (வாசிப்பதை உடனே கேட்கவைக்கும் பொத்தான்), ஆக்டேவ். மவுஸுக்குச் சத்தம் வந்து விளக்கு மினுக்கவில்லை என்றால், கேபிளில் இருந்து சாஃப்ட்வேர் மிடி செட்டிங் வரைக்கும் பாருங்கள். விளக்கு மினுக்குகிறது, மவுஸுக்குச் சத்தமில்லை என்றால் கீபோர்டை விட்டுவிட்டு பிளகினையும் ஆடியோ டிரைவரையும் பாருங்கள். இரண்டுமே இல்லை என்றால் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. முதலில் ஆடியோவைச் சரிசெய்யுங்கள். காதில் சத்தம் கேட்காமல் மிடியைச் சோதிப்பது கஷ்டம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியும் பலன் இல்லை என்றால் பழைய நிலைக்கே திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி நேரம் மிச்சம்.

விளக்கு மினுக்கவில்லை என்றால்

கேபிளில் இருந்து தொடங்குங்கள். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கும் மலிவு கேபிள்களில் சில சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும் ஆனவை. உள்ளே மின்சாரத்துக்கான கம்பி இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. கீபோர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரியவே தெரியாது. அதே கேபிளில் போனை இணைத்து ஃபைல் மாற்றிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் பகுதியைத் திறந்து, கீபோர்டைப் பிடுங்கிச் செருகுங்கள். பட்டியலில் ஒரு பெயர் வந்து போக வேண்டும். வராவிட்டால் வேறு போர்ட், வேறு கேபிள். ஹப் வழியாகச் செருகியிருந்தால் ஹப்பை எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். அடாப்டர் இல்லாத ஹப்பில் கீபோர்டு, இன்டர்ஃபேஸ், டாங்கிள், ஹார்டு டிஸ்க் நான்கையும் செருகினால் ஏதாவது ஒன்று நடுவில் விட்டு விட்டுப் போகும்.

கடலோரம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று போர்ட்டுக்குள் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துவிடும். கேபிளை லேசாக அசைத்தால் கீபோர்டு போய் வருகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். துருவை நீக்க என்று சிலர் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அது உள்ளே பிசுக்காகத் தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பயன்படுத்தாத நேரத்தில் கீபோர்டு மேல் ஒரு துணி, பைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். செலவு இல்லாத பாதுகாப்பு.

டிவைஸ் மேனேஜரில் பெயர் இருந்தும் சாஃப்ட்வேரில் இல்லையா? சாஃப்ட்வேரை மூடிவிட்டு, கீபோர்டைச் செருகிய பிறகு திறங்கள். பல சாஃப்ட்வேர்கள் திறக்கும்போது மட்டுமே கருவிகளை எண்ணிப் பார்க்கும். இன்னொரு முக்கியமான காரணம், விண்டோஸில் பல மிடி டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்கு மட்டும்தான் இடம் கொடுக்கும். பின்னால் வேறொரு சாஃப்ட்வேரோ, மிடி அனுமதி கொடுத்த பிரவுசர் பக்கமோ திறந்திருந்தால் கீபோர்டை அது பிடித்துவைத்திருக்கும். மூடிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

சாஃப்ட்வேருக்குள் கருவியை இயக்கியும் வைக்க வேண்டும். எஃப்எல்லில் எஃப்10 அழுத்தினால் மிடி செட்டிங் வரும். இன்புட் பட்டியலில் கீபோர்டைத் தேர்ந்து எனேபிள் விளக்கைப் போடுங்கள், கன்ட்ரோலர் டைப் தெரியாவிட்டால் ஜெனரிக் கன்ட்ரோலர். ஏபிள்டனில் அந்தக் கீபோர்டின் வரிசையில் டிராக் என்ற பொத்தான் ஆனில் இருக்க வேண்டும். ரிமோட் மட்டும் ஆனில் இருந்தால் நாப் (திருகு) வேலை செய்யும், கீ வேலை செய்யாது. ரீப்பரில் பிரிஃபரன்சஸில் மிடி கருவிகள் பட்டியலில் வலது கிளிக் செய்து எனேபிள் இன்புட்.

ஒரே கீபோர்டை வேறு வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் விண்டோஸ் சில நேரம் அதைப் புதுக் கருவியாக நினைத்து, பெயருக்கு முன்னால் 2 என்று ஒரு எண் சேர்த்துவிடும். நேற்று போட்ட செட்டிங் இன்று இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். எந்தக் கேபிள் எந்தப் போர்ட் என்று கலர் டேப் ஒட்டிவிடுங்கள்.

வட்டமான ஐந்து முனை மிடி கேபிள் பயன்படுத்துபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, அவுட்டை அவுட்டில் செருகுவது. கீபோர்டின் அவுட், இன்டர்ஃபேஸின் இன்னுக்குப் போக வேண்டும். சில மலிவு யுஎஸ்பி மிடி கேபிள்களில் இன் என்று எழுதியிருக்கும் முனையைக் கீபோர்டின் இன்னில் செருகச் சொல்கிறார்களா, அவுட்டில் செருகச் சொல்கிறார்களா என்பதே குழப்பமாக இருக்கும். மாற்றிச் செருகிப் பாருங்கள், அதனால் எதுவும் கெட்டுப்போகாது.

விளக்கு மினுக்குகிறது, சத்தம் இல்லை

டிராக் ஆர்ம் ஆகியிருக்கிறதா, மானிட்டர் ஆனில் இருக்கிறதா, டிராக் இன்புட்டில் ஆல் சேனல்ஸ் இருக்கிறதா, இந்த மூன்றும் முதலில். எஃப்எல்லில் மிடி எப்போதும் தேர்ந்தெடுத்த சேனலுக்குத்தான் போகும். சேனல் ராக்கில் வேறு வரிசை தேர்வாகி இருந்தால் நீங்கள் வாசிப்பது அங்கே போய்க்கொண்டிருக்கும்.

மிடியில் 16 சேனல்கள். கீபோர்டு 1-இல் அனுப்ப, பிளகின் 2-இல் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் கேட்காது. கான்டாக்ட்டில் (பதிவு செய்த வாத்திய ஒலிகளை, அதாவது சாம்பிள்களை, வாசிக்கும் சாம்பிளர் பிளகின்) ஒவ்வொரு வாத்தியத்தை ஏற்றும்போதும் அது அடுத்த சேனல் எண்ணை எடுத்துக்கொள்ளும். ஒரே வாத்தியம் என்றால் ஆம்னி (எல்லாச் சேனலும்) என்று மாற்றிவிடுங்கள்.

25 கீ கீபோர்டில் இரண்டு ஆக்டேவ்தான். ஆக்டேவ் பொத்தானில் கை தவறிப் பட்டிருந்தால், சாம்பிள் இல்லாத இடத்தில் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். கான்டாக்ட் திரையில் நீல நிறக் கீகள்தான் ஒலிப்பவை, சிவப்பு நிறக் கீகள் வாசிப்பு முறையை மாற்றும் ஸ்விட்ச்சுகள். புல்லாங்குழல் திடீரென்று வெறும் துண்டுத் துண்டாக ஒலித்தால், நீங்கள் ஒரு சிவப்புக் கீயைத் தொட்டிருக்கிறீர்கள்.

அடுத்ததைக் கண்டுபிடிக்கத்தான் பலரும் மணிக்கணக்கில் அலைகிறார்கள். சின்னக் கீபோர்டில் எட்டு நாப் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கன்ட்ரோல் எண்ணை அனுப்பும். எண் 7 வால்யூம், எண் 11 எக்ஸ்பிரஷன், எண் 1 மாடுலேஷன், எண் 64 சஸ்டெயின். மதிப்பு 0 முதல் 127 வரை. பைக்குள் வைத்து எடுக்கும்போது திரும்பிப்போன நாப் ஒன்று 7-ஐயோ 11-ஐயோ 0 என்று அனுப்பிவிட்டால், பிளகின் வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கிவைத்துக்கொள்ளும். மிக்சரில் ஃபேடர் மேலேதான் இருக்கும், பிளகின் புதிதாகப் போட்டால் சத்தம் வரும், புராஜெக்ட்டைத் திறந்தால் வராது. எல்லா நாப்பையும் ஒருமுறை முழுக்க வலப்பக்கம் திருப்புங்கள். சத்தம் வந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ரெக்கார்டு ஆன மிடி கிளிப்புக்குள்ளும் அந்த 0 பதிந்திருக்கும், ஆட்டோமேஷன் வரிசையில் பார்த்து அழித்துவிடுங்கள். வயலின், கோரஸ் மாதிரி வாத்தியங்கள் பலவற்றில் மாடுலேஷன் வீல்தான் சத்தத்தைக் கூட்டும். வீல் கீழே இருந்தால் வாத்தியம் மௌனம். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

நோட் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் முதலில் பெடலைப் பாருங்கள். 64-ஆவது கன்ட்ரோலில் 0 முதல் 63 வரை ஆஃப், 64 முதல் 127 வரை ஆன். எல்லாப் பெடலும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் மிதித்தால் சுற்று மூடும், சிலவற்றில் மிதித்தால் திறக்கும். ஒரு கம்பெனிப் பெடலை வேறு கம்பெனிக் கீபோர்டில் போட்டால் தலைகீழாக வேலை செய்யலாம். கீபோர்டை அணைத்து, பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நேரத்தில் பெடல் இருக்கும் நிலையையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். உடனடியாக நிறுத்த எஃப்எல்லில் கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் அழுத்துங்கள். கியூபேஸில் மிடி மெனுவில் ரீசெட்.

ஆக்டோபேட், கச்சேரிக் கீபோர்டு

கானாவுக்கும் குத்துக்கும் ரிதம் உயிர். மவுஸால் ஒவ்வொரு அடியாக வைப்பதைவிட, கச்சேரியில் வாசிக்கும் கையே ஆக்டோபேடில் வாசித்து ரெக்கார்டு செய்தால் பாட்டு வேறு மாதிரி நிற்கும். அதனால் இந்த இணைப்பைச் சரியாகச் செய்துவைப்பது ஒரு நாள் உழைப்புக்குத் தகும்.

ஆக்டோபேடில் ஒவ்வொரு பேடும் ஒரு நோட் எண் அனுப்பும். டிரம்ஸுக்குப் பொது வழக்கம் 10-ஆவது சேனல். கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46. டோலக், டேப் வாத்திய சாம்பிள்களுக்கு அப்படி ஒரு பொது ஒழுங்கு கிடையாது, ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டப்படி அடுக்கியிருப்பார்கள். அதனால் ஒரு தாளை எடுங்கள். விண்டோஸில் மிடி ஆக்ஸ் என்ற இலவசக் கருவியைத் திறந்து, ஒவ்வொரு பேடையும் தட்டி, வரும் நோட் எண்ணை வரிசையாக எழுதுங்கள். பக்கத்திலேயே, சாம்பிளரில் டோலக் 'தா', 'கி', இடக்கைக் குமுக்கு, சைடு தட்டு எல்லாம் எந்த எண்ணில் இருக்கின்றன என்று எழுதுங்கள். பிறகு பேட் எண்ணை மாற்றுவதா, சாம்பிளரில் இடம் மாற்றுவதா என்று முடிவெடுங்கள். எங்கள் கருத்து, பேடைத் தொடாதீர்கள். நாளைக்குக் கச்சேரி மேடையில் அதே கிட்தான் வேண்டும். சாம்பிளரில் மாற்றி, அதைப் பிரீசெட்டாகச் சேவ் செய்துவைத்தால் இரண்டு இடத்திலும் கை பழகிய இடத்திலேயே அடி விழும். மிடி ஆக்ஸை மூடிய பிறகு சாஃப்ட்வேரைத் திறங்கள்; இல்லாவிட்டால் முன்னால் சொன்ன 'ஒருவருக்கு மட்டும் இடம்' சிக்கல் வரும்.

எண்ணை மட்டும் நம்புங்கள், எழுத்தை நம்பாதீர்கள். நோட் 60-ஐ ஒரு கம்பெனி சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது, எஃப்எல் சி5 என்கிறது. "கிக் சி1-ல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது 36-ஆ, 24-ஆ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தட்டுக்கு இரண்டு அடி பதிகிறதா? மூன்று காரணம் உண்டு. பேட் பக்கத்தில் சப் ஸ்பீக்கர் இருந்தால் அதிர்வே ஒரு பேடைத் தட்டிவிடும். மிடி பட்டியலில் வெலாசிட்டி (அடியின் பலம்) 3, 5 என்று சின்ன எண்களாகத் தெரியும். ஸ்டாண்டை நகர்த்துங்கள், பேடின் திரெஷோல்டை (எந்தப் பலத்துக்கு மேல் அடி பதிய வேண்டும் என்ற அளவை) கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு பேடை அடித்தால் பக்கத்துப் பேடும் பதிந்தால் அது கிராஸ்டாக். அதற்கும் தனிச் செட்டிங் இருக்கும். மூன்றாவது, கீபோர்டில் அதிகம் வருவது: கீபோர்டு தன் சத்தத்தையும் எழுப்புகிறது, சாஃப்ட்வேரில் இருந்து அதற்கே திரும்பிப்போகும் மிடியும் எழுப்புகிறது. ஒரே நோட் இரண்டு முறை ஒலித்துக் குழாய்க்குள் பாடுவது போலக் கேட்கும். கீபோர்டு மெனுவில் லோக்கல் ஆஃப் போடுங்கள், அல்லது சாஃப்ட்வேரில் அந்தக் கீபோர்டுக்குப் போகும் மிடி அவுட்டை அணையுங்கள். லோக்கல் ஆஃப் போட்டால் கச்சேரிக்கு முன் ஆன் செய்ய மறக்காதீர்கள். மேடையில் கீபோர்டு ஊமையாக நிற்கும்.

வாசித்தது பதிந்த பிறகு குவான்டைஸ் செய்யும்போது (அடிகளை கிரிட்டின் கட்டங்களுக்கு நேராக இழுத்து வைக்கும்போது) கவனம் வேண்டும். டப்பாங்குத்து நடை 6/8. புராஜெக்ட் 4/4-இல் இருக்க, கிரிட் பதினாறில் ஒன்றாக இருக்க, குவான்டைஸ் அழுத்தினால் மூன்று மூன்றாக விழுந்த அடிகள் எல்லாம் நான்கின் கட்டத்துக்கு இழுபடும். சில அடிகள் முன்னால் தாவும், சில பின்னால் போகும், நடையே நொண்டும். டைம் சிக்னேச்சரை 6/8 ஆக மாற்றுங்கள், அல்லது கிரிட்டை டிரிப்ளெட்டில் வையுங்கள். அளவையும் 100 சதவீதம் வைக்காமல் 60, 70-இல் நிறுத்துங்கள். டோலக் கையின் அந்தச் சின்ன இழுப்பு போய்விட்டால் திரும்ப வராது.

பிளகின் பட்டியலிலேயே இல்லை

முதல் கேள்வி, எந்த வடிவம்? விஎஸ்டி3 எல்லாம் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 ஃபோல்டரில் இருக்க வேண்டும். அது நிலையான இடம், மாற்றாதீர்கள். விஎஸ்டி2 டிஎல்எல் ஃபைல்களுக்கு நிலையான இடம் இல்லை; இன்ஸ்டால் செய்யும்போது நீங்கள் காட்டிய ஃபோல்டரை சாஃப்ட்வேரிலும் சேர்க்க வேண்டும். எல்லா விஎஸ்டி2-க்கும் ஒரே ஃபோல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போடுவதற்கு விஎஸ்டி3-தான் நல்லது. 2018 அக்டோபருக்குப் பிறகு புதியவர்களுக்கு விஎஸ்டி2 உரிமத்தை, விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் கொடுப்பதில்லை. ஆனால் பழைய புராஜெக்ட்கள் விஎஸ்டி2-ஐத் தேடும். அவை முடியும் வரை அழிக்க வேண்டாம். புரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் மட்டும்தான் படிக்கும், லாஜிக் ஆடியோ யூனிட் மட்டும்தான். விஎஸ்டி போட்டுவிட்டு லாஜிக்கில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, 32 பிட்டா 64 பிட்டா. கியூபேஸ் 9-இல் இருந்தும் ஏபிள்டன் லைவ் 10-இல் இருந்தும் 32 பிட் பிளகின் ஏறாது. எஃப்எல்லும் ரீப்பரும் விண்டோஸில் பிரிட்ஜ் போட்டுத் திறக்கும், ஆனால் அதை நம்பி ஒரு முழுப் பாட்டையும் கட்டாதீர்கள்.

இடமும் சரி, பிட்டும் சரி, இன்னும் இல்லை என்றால் ஸ்கேன். எஃப்எல்லில் ஆப்ஷன்ஸ், மேனேஜ் பிளகின்ஸ். எரர் வந்தவற்றை மறுபடி ஸ்கேன் செய்யும் தேர்வைப் போட்டு ஃபைண்ட் இன்ஸ்டால்ட் பிளகின்ஸ் அழுத்துங்கள். ரீப்பரில் விஎஸ்டி பகுதியில் கேஷை அழித்து ரீஸ்கேன். ஏபிள்டனில் ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்கேன் அழுத்தினால் முழுதாகத் தேடும். கியூபேஸில் பிளகின் மேனேஜருக்குள் பிளாக்லிஸ்ட் பாருங்கள். ஒருமுறை ஸ்கேனில் கிராஷ் ஆன பிளகினை அது ஒதுக்கிவைத்துவிடும். நீங்கள் சரிசெய்த பிறகும் தானாகத் திரும்பச் சேர்க்காது.

ஸ்கேனிலேயே தோற்றால் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் இல்லை, அல்லது ஆன்டிவைரஸ் ஃபைலைக் குவாரன்டைனில் போட்டுவிட்டது. ரன்டைமை மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

சாஃப்ட்வேரே ஸ்கேன் நடுவில் மூடிக்கொண்டால், எந்தப் பிளகின் குற்றவாளி என்று இப்படிப் பிடியுங்கள். பிளகின் ஃபோல்டரில் 64 ஃபைல் இருந்தால் 32-ஐ டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஸ்கேன் செய்யுங்கள். கிராஷ் ஆனால் குற்றவாளி உள்ளே இருக்கும் 32-இல், ஆகாவிட்டால் வெளியே எடுத்த 32-இல். அதைத் திரும்பப் பாதியாக்குங்கள். 16, 8, 4, 2, 1. ஆறாவது ஸ்கேனில் ஆள் கையில். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு ராத்திரி போகும், இதற்கு அரை மணி நேரம்.

கிராக் பிளகின் பற்றியும் சொல்லியாக வேண்டும். காசு இல்லாத குறைதான் காரணம், அது புரிகிறது. ஆனால் நடுவில் கிராஷ் ஆகிறது, சேவ் செய்த புராஜெக்ட் திறக்கவில்லை என்ற புகார்களில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சரிசெய்ய வழியும் இருக்காது, வைரஸும் கூடவே வரும். சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்ட் (Dexed), வைட்டல் சிந்தசைசரின் அடிப்படைப் பதிப்பு, டீசன்ட் சாம்பிளர் எல்லாம் இலவசம். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். டோலக்கை நீங்களே மைக் வைத்து ஒவ்வொரு அடியாக எடுத்து டீசன்ட் சாம்பிளரில் ஏற்றினால், கடையில் கிடைக்காத சத்தம் உங்களிடம் இருக்கும்.

கான்டாக்ட் இலவச பிளேயரில் ஒரு லைப்ரரி 15 நிமிடம் ஒலித்துவிட்டு நின்றுபோகிறது என்றால், அது முழு கான்டாக்ட்டுக்காகச் செய்த லைப்ரரி. அதை ஆட் லைப்ரரி மூலம் சேர்க்கவும் முடியாது, ஃபைல் பிரவுசரில்தான் திறக்க வேண்டும். இந்திய வாத்திய லைப்ரரிகளில் பல இந்த வகை. வாங்கும் முன் எந்தப் பதிப்பு தேவை என்று படித்துவிடுங்கள்.

சாம்பிள்ஸ் மிஸ்ஸிங் என்று வந்தால் பெரும்பாலும் வெளி ஹார்டு டிஸ்க்கின் எழுத்து மாறியிருக்கும். நேற்று இ, இன்று பென் டிரைவ் முதலில் செருகியதால் எஃப். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, அந்த டிஸ்க்கில் வலது கிளிக் செய்து, எஸ் போன்ற கடைசிப் பக்கத்து எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள்.

மேக்கில் இருப்பவர்களுக்கு: கேடலினா முதல் 32 பிட் எதுவும் ஓடாது. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பழைய இன்டெல் பிளகின் தெரியவில்லை என்றால் சாஃப்ட்வேரை ரோசெட்டாவில் திறந்து பாருங்கள். லாஜிக்கில் பிளகின் மேனேஜரில் அந்தப் பிளகினைத் தேர்ந்து ரீசெட் அண்ட் ரீஸ்கேன்.

லேட்டாக வருகிறது, கரகரக்கிறது

"மிடி லேட்டா வருது" என்பார்கள். 1983-இல் வந்த பழைய மிடி கேபிள்கூட நொடிக்கு 31,250 பிட் அனுப்புகிறது. ஒரு நோட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லி செகண்டு. தாமதம் ஆடியோ பஃபரில் (ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்து அனுப்பும் இடத்தில்) இருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 128 என்றால் 2.9 மில்லி செகண்டு, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. இது ஒரு பக்கக் கணக்குதான். டிரைவரும் இன்டர்ஃபேஸும் கொஞ்சம் சேர்க்கும். வாசிக்கும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024. இன்டர்ஃபேஸ் கம்பெனியின் சொந்த ஆசியோ (தாமதத்தைக் குறைக்கும் வகை) டிரைவரைப் போடுங்கள். ஆசியோ ஃபார் ஆல், இன்டர்ஃபேஸ் இல்லாத லேப்டாப்புக்கு.

பஃபர் 128 வைத்தும் தாமதம் என்றால் மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். லுக்அஹெட் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்றவை வேலை செய்யவே ஒலியைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். சாஃப்ட்வேர் மற்ற டிராக்கை எல்லாம் அதற்கு ஏற்பத் தள்ளிவைக்கும். ரெக்கார்டு முடியும் வரை மாஸ்டரிங் பிளகின்களை அணையுங்கள். புளூடூத் ஹெட்ஃபோனில் வாசிக்கவே வேண்டாம், அதிலேயே 100 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும்.

பாட்டு முழுதும் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறி, வேகமாகவும் ஓடினால், 44.1-இல் எடுத்ததை 48-இல் ஓட்டுகிறீர்கள். புராஜெக்ட், இன்டர்ஃபேஸ், விண்டோஸ் சவுண்ட் செட்டிங் மூன்றிலும் ஒரே சாம்பிள் ரேட் வையுங்கள்.

கரகரப்புக்கு: விண்டோஸ் பவர் பிளானில் ஹை பெர்ஃபார்மன்ஸ், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் ஆஃப், சார்ஜர் செருகியிருக்க வேண்டும், ரெக்கார்டு நேரத்தில் வைஃபை ஆஃப். லேட்டன்சி மான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் இடைஞ்சல் செய்கிறது என்று காட்டும். மே மாதத்தில் ஷீட் கூரை அறையில் காலையில் சரியாக ஓடிய புராஜெக்ட் மதியம் கரகரத்தால், லேப்டாப் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மெத்தை மேல் வைக்காதீர்கள். அடியில் காற்று போக இடம் கொடுத்து ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். கரன்ட் போகும் ஏரியா என்றால் ஆட்டோ சேவ் 5 நிமிடம்.

கீபோர்டை யுஎஸ்பியில் செருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் எர்த் பிரச்சினை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். கீபோர்டில் வட்ட மிடி இருந்தால் யுஎஸ்பிக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துங்கள். அதன் உள்வாங்கும் பக்கத்தில் சிக்னல் ஒளி வழியாகக் கடக்கிறது, இரண்டு கருவிகளின் எர்த்தும் தொடாது. சார்ஜரின் எர்த் பின்னை மட்டும் ஒடிக்காதீர்கள். இரைச்சல் போகும், மைக்கைத் தொடும் பாடகருக்கு ஷாக் அடிக்கும்.

வேறு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகும்போது

இங்கே ரெக்கார்டு, வடபழனியில் மிக்ஸ் என்பது வழக்கம். புராஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால் அங்கே பாதிப் பிளகின் இருக்காது. ஒவ்வொரு டிராக்கையும் 24 பிட் வேவ் ஃபைலாக, எல்லாமே முதல் பாரில் இருந்து தொடங்குமாறு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மாஸ்டர் லிமிட்டர் ஆஃப். மிடி ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள். ஃபைல் பெயரில் டெம்போவும் சாம்பிள் ரேட்டும் இருக்கட்டும்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் தெரிந்தவருக்கு வாய்ஸ் நோட் போடுவீர்கள். "ண்ணா, சத்தம் வரலண்ணா" என்று மட்டும் அனுப்பினால் அவர் பத்துக் கேள்வி கேட்டாக வேண்டும். இப்படி அனுப்புங்கள்: "ண்ணா, எஃப்எல் ஸ்டூடியோ 21, விண்டோஸ் 11. கீபோர்டு மிடி விளக்கு மினுக்குது. மவுஸ்ல கிளிக் பண்ணா பிளகின் சத்தம் வருது. கீல வாசிச்சா வரல. நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னிக்கு போர்ட் மாத்தினேன். எரர் எதுவும் காட்டல." ஸ்கிரீன்ஷாட் ஒன்றையும் கூட அனுப்பினால், அவர் நேரில் வராமலே பதில் சொல்லிவிடுவார்.